தேரியில் ஒன்பதாவது டேக்

சும்மா நின்றால் போதும் என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். சும்மா நிற்பது இவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்துகொள்ள தணிகாசலத்துக்கு அறுபத்து மூன்று வயதாக வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து ரயிலேறி வந்து, திருச்செந்தூருக்கு மேற்கே இந்தத் தேரிக்காட்டுச் செம்மணலில் கணுக்கால் புதைய, முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டும் விளிம்பு வளைந்த தொப்பியுமாக வெயிலைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது. எட்டு டேக் ஆகிவிட்டது. எட்டிலும் அவர் நின்றார். எட்டிலும் டைரக்டர் ரிஸ்வானா குடைக்குக் கீழே மானிட்டரில் எடுத்ததை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு சார், இன்னும் ஒண்ணு போயிரலாம்" என்றாள். நல்லா இருந்தால் எதற்கு இன்னும் ஒன்று. முப்பத்து நாலு வருஷம் டப்பிங் தியேட்டரில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவருக்கு, அந்தப் பக்கத்திலிருந்து வரும் நல்லா இருக்குக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா. மணி நாலே முக்கால். ஐந்தே முக்காலுக்குள் எடுத்தாக வேண்டும், அதற்கு மேல் நிழலெல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோகும் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். அவளுக்கு நிழல்தான் முக்கியம். குதிரையில் ஒருவன் தன்னந்தனியாக வந்து இறங்கும் பழைய கௌபாய் படங்களும், பாதி முகம் இருட்டில் கிடக்க எல்லோரும் எதையோ மறைத்துக்கொண்டே பேசும் பழைய குற்றப் படங்களும்தான் அவளுக்கு உயிர். இரண்டையும் ஒன்றாகக் குழைத்து இருபது நிமிஷத்துக்கு ஒரு குறும்படம். தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்துகொண்டே மூன்று வருஷமாக எழுதினாளாம். சுற்றிலும் மணல் இப்படிக் குங்குமமாகக் கிடக்கிறது, படமோ கறுப்பு வெள்ளை. இந்தச் சிவப்பை யாரும் பார்க்கப்போவதில்லையே, எதற்கு இவ்வளவு தூரம் என்று அவர் கேட்டதற்கு, "கறுப்பு வெள்ளையில சிவப்பு வேற மாதிரி கனக்கும் சார்" என்றாள். கனக்கும். இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று கனக்கத்தான் செய்கிறது.

கதையில் அவர் ஒரு கொலைகாரனைத் தேடிக் குதிரையில் வருகிறவர். தேடிக்கொண்டே போனால், அவனை ஒளித்து வைத்தவள் ஒரு காலத்தில் இவர் விரும்பிய பெண் என்று தெரிகிறது. அதற்குள் அவள் ஊரைவிட்டுப் போய்விட்டாள். ஒரு கடிதம்தான் மிச்சம். கடைசிக் காட்சியில் இந்த மணல்மேட்டில் நின்று, அந்தக் கடிதம் அவள் குரலில் மனதுக்குள் ஓட, தொப்பியைக் கழற்ற வேண்டும். அவ்வளவுதான். குதிரைக் காட்சிகள் நேற்றே முடிந்துவிட்டன. திருச்செந்தூர் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடும் குதிரை அது, பெயர் ராணி. நாற்பது அடி நடந்ததும் போட்டோவுக்காக நின்றுவிடும். கொலைகாரனைத் துரத்திப் போகும்போதும் நின்றது. அதை நினைத்துச் சிரிக்க வந்தது, சிரித்தால் ஒட்டு மீசை கழன்றுகொள்ளும். ராணிக்காவது பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. நம் முகத்துக்கு என்ன பழக்கம். டப்பிங் தியேட்டரில் விளக்கை அணைத்துவிடுவார்கள். எதிரே திரை, காதில் ஹெட்போன், வசனத் தாள் மேல் மட்டும் சின்ன வெளிச்சம். அந்த இருட்டில் அவர் எத்தனை பேராக இருந்திருக்கிறார். ஷெரீப், சூதாடி, தூக்குமேடைக்குப் போகிறவன், வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு அம்மாவைப் பார்க்கப் போகிறவன். எத்தனை தடவை சுடப்பட்டு விழுந்திருக்கிறார், வயிற்றில் பட்டால் ஒரு முனகல், மார்பில் பட்டால் வேறு முனகல். எல்லாம் தொண்டைக்குள். முகம் என்ன செய்துகொண்டிருந்தது என்று அவருக்கே தெரியாது. யாரோ ஒரு வெள்ளைக்காரன் முகம் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. இப்போது இந்தப் பெண் அந்த வேலையைக் கேட்கிறாள், அதுவும் ஒரு வசனம்கூடத் தராமல். போனில் முதன்முதலாகக் கூப்பிட்டபோது, ஞாயிறு மத்தியானம் டிவியில் உங்கள் குரலைக் கேட்டுத்தான் சார் வளர்ந்தேன் என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தாளில் எத்தனை பக்கம் பேச வேண்டும் என்று கேட்டார். பேசவே வேண்டாம் சார் என்றாள்.

காற்று மேற்கிலிருந்து அடித்தது. மணல் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து பூட்ஸுக்கு மேல் ஏறிப் போனது. காற்றோடு செல்வினின் குரலும் வந்தது. கேமராக்காரப் பையன், தாழ்ந்த குரலில்தான் பேசினான். ஆனால் தணிகாசலத்தின் காது மூச்சுக்கும் பெருமூச்சுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைப் பிடிக்கிற காது.

"அவருக்கு முகத்துல ஒண்ணும் ஓட மாட்டேங்கு. பேசாம முதுகுலேர்ந்து எடுத்துருவோம். தொப்பியக் கழத்துற கை தெரிஞ்சாப் போதும்."

"முதுகுன்னா யார வேணும்னாலும் நிப்பாட்டியிருக்கலாமே செல்வின்."

"நாந்தான் அப்பவே சொன்னேன். நீதான் இவரு வேணும்னு ஒத்தக் கால்ல நின்ன."

முதுகு. அவர் தொப்பியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டார், கேட்காதது மாதிரி. முதுகுக்கு எத்தனை வசனம் பேசியிருக்கிறோம். அந்தப் படங்களில் ஆசாமிகள் அதிகம் பேச மாட்டார்கள், திரும்பிப் போய்க்கொண்டே இருப்பார்கள். சத்தமில்லாமல் விட்டால் வீட்டில் சேனலை மாற்றிவிடுவார்கள் என்று டப்பிங் கம்பெனிக்காரருக்குப் பயம். முதுகு தெரிந்தால் உதடு தெரியாது, உதடு தெரியாவிட்டால் எதை வேண்டுமானாலும் பேசலாம். போடுங்க தணிகாசலம், சும்மா ஒரு வரி போடுங்க. நான் போறேன், ஆனா மறுபடி வருவேன். இந்த மண்ணு என்னை மறக்காது. இப்படி ஆயிரம் முதுகு. உதடு தெரிந்தால்தான் கஷ்டம். அங்கே இங்கிலீஷில் ப, ம வருகிற இடத்தில் உதடு மூடும், தமிழிலும் அதே இடத்தில் மூட வேண்டும். அம்மா என்றால் மூடும், தாயே என்றால் மூடாது. அதற்காகவே எத்தனை தாய்கள் அம்மாவானார்கள், எத்தனை அன்பே கண்ணே ஆனது. அதில் கூடப் பேசுகிற மரகதம் கெட்டிக்காரி. வசனத் தாளைப் பார்த்ததுமே பென்சிலால் உதடு மூடும் எழுத்தையெல்லாம் வட்டம் போட்டுவிடுவாள். மரகதம். பெயரே உதடு மூடித் தொடங்கி உதடு மூடி முடிகிறது, நடுவில் மட்டும் திறந்திருக்கிறது. இதை அவர் ஒரு நாள் தாளின் ஓரத்தில் எழுதி எழுதிப் பார்த்துக் கண்டுபிடித்தார். யாரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரே மைக். கதாநாயகன் இவர், கதாநாயகி அவள், இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சாண். உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவாள், வளையல் சத்தம் மைக்கில் விழும் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைப்பாள். அப்புறம் இருட்டு. நீ இல்லாம இந்த ஊர்ல எனக்கு என்ன இருக்கு என்பார் இவர். என்னைக் கூட்டிட்டுப் போயிடு என்பாள் அவள். இரண்டு பேர் கண்ணும் திரையில். ஒரு நாளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சொன்னதில்லை, பார்த்தால் உதடு தவறிவிடும். ஆனால் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர் வாக்கியத்தின் கடைசி எழுத்தை விடுவதற்கு முன்னாலேயே அவள் மூச்சை இழுப்பது கேட்கும். அவருடைய வரி எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும். தாளைப் பார்க்காமலேயே அந்த அளவுக்கு இடம் விட்டுக் காத்திருப்பாள். ஒரு பெண் நமக்காக இடம் விட்டுக் காத்திருக்கிறாள் என்பது, அது தொழில்தான் என்றாலும், இந்தக் கோட்டுக்குள் வியர்வை முதுகில் ஓடுவது மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது பன்னிரண்டு வருஷமும். முதுகு. மறுபடி முதுகுக்கே வந்துவிட்டோம்.

அவள் புருஷன் கெட்டவனாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். டெலிபோன் ஆபீஸில் வேலை, தங்கமான மனுஷன். மாலையில் தியேட்டர் வாசல் வேப்ப மரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். தணிகாசலத்தைப் பார்த்தால் எழுந்து நின்று, "என்ன சார், இன்னிக்கு என் பொண்டாட்டியக் காப்பாத்துனீங்களா, சுட்டுட்டீங்களா" என்று கேட்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை, இவர் பக்கமும் இல்லை, அதுதான் வேதனை. அவள் புருஷனுக்கு நாகர்கோவிலுக்கு மாற்றலானது. கடைசி நாள் ஏதோ ஒரு ஊர் பற்றி எரிகிற படம். வேலை முடிந்து விளக்கைப் போட்டார்கள், அவள் கைக்குட்டையை அவிழ்த்து வளையல்களைப் போட்டுக்கொண்டாள். வர்றேன் தணிகாசலம் என்றாள். சரி என்றார். சரி. எரிகிற ஊருக்குள் குதிரையை விட்டு, உனக்காக நெருப்பையே குடிப்பேன் என்று அரை மணி நேரம் முன்னால் சொன்ன வாய்க்குச் சரி என்றுதான் வந்தது. ச-வில் உதடு மூடாது. ரி-யில் மூடாது. காற்று மாதிரி வெளியே போய்விடும். அதற்கப்புறம் பதினாறு வருஷம். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு அவள்தான் காரணம் என்று சொன்னால் பொய், இல்லை என்றாலும் பொய். வளசரவாக்கத்தில் தங்கை வீட்டு மாடி அறை, மேஜை விசிறி, டிவி. மூன்று வருஷத்துக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் பழைய டப்பிங் ஆட்கள் குழுவில் செய்தி வந்தது, மரகதத்தின் கணவர் தவறிவிட்டார் என்று. தணிகாசலம் ஒரு முழுப் பக்கம் தட்டினார். அழித்தார். இரண்டு வரி தட்டினார். அதையும் அழித்தார். கடைசியில் எல்லோரையும் போலக் கும்பிடும் கைப் படம் ஒன்றைப் போட்டார். முப்பத்திரண்டாவது கும்பிடு. அவள் அதைப் பார்த்திருப்பாளா. பார்த்து, முப்பத்திரண்டில் இது யாருடையது என்று தேடியிருப்பாளா.

"சார், ஒரு நிமிஷம்."

ரிஸ்வானா மேடேறி வந்துகொண்டிருந்தாள், முக்காட்டின் நுனியைக் காற்றுக்குப் பற்களால் பிடித்தபடி. முதுகு ஷாட் என்று சொல்லத்தான் வருகிறாள். எப்படிச் சொல்வாள். பாவம், எப்படிச் சொன்னால் வலிக்காது என்று கீழேயிருந்து யோசித்துக்கொண்டே வருவாள். அவளுக்கு முன்னால் நாமே சொல்லிவிடலாம்.

"முதுகுலேர்ந்து எடுத்துக்கம்மா. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். "கேட்டுருச்சா" என்றாள். பிறகு கோட்டுப் பையிலிருந்து எடுப்பது போலத் தன் துப்பட்டா முடிச்சிலிருந்து ஒரு சின்ன இயர்போனை எடுத்தாள். "தப்பு எம்மேலதான் சார். ஒண்ணுமே கேக்காம, கேக்குற மாதிரி நில்லுங்கன்னா எப்படி. கடுதாசி வாய்ஸ் போன வாரமே எடுத்து வச்சிருக்கேன். காதுல போட்டுக்கோங்க. மறுபக்கத்துக் காதுன்னால கேமராவுக்குத் தெரியாது."

"யார் பேசுறாங்க?"

"நான் சொல்லலியா?" அவள் நிஜமாகவே யோசித்தாள். "மரகதம் மேடம்தான் சார். நாகர்கோவில்ல போய் எடுத்துட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமப் படத்துல எப்பவும் நீங்க ரெண்டு பேரும்தான? எங்க வாப்பாகூட, இவுங்க ரெண்டு பேரும் நெசமாவே புருசன் பொஞ்சாதியா இருக்கும்னு சொல்லுவாங்க."

காதை மறைக்க அவர் கையைத் தூக்கினார். அவள் அதற்குள் இயர்போனை அவர் காதில் செருகிவிட்டுச் சரிவில் இறங்கிவிட்டாள். கீழே செல்வின் கையைத் தூக்கிக் காட்டினான். சூரியன் பனைமரங்களின் தலைக்கு வந்திருந்தது. வேண்டாம் என்று கத்தலாம். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் மனதைத் தயார் செய்துகொண்டு வந்திருக்கலாம், பதினாறு வருஷம் போதாதா தயார் செய்ய. காதில் முதலில் ஒரு மின்விசிறியின் இரைச்சல், யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம். பிறகு ஒரு மூச்சு. அந்த மூச்சு போதும், ஆளைச் சொல்லிவிட்டது.

நீ வருவேன்னு எனக்குத் தெரியும் என்றாள் மரகதம். குரல் இறங்கியிருந்தது, அடித்தொண்டையில் மணல் சேர்ந்திருந்தது, பல் ஒன்றிரண்டு போயிருக்கலாம், ச வருமிடத்தில் லேசாகக் காற்று ஒழுகியது. ஆனால் வார்த்தையின் முடிவில் ஒரு சின்னப் படிக்கட்டு இறங்குவாளே, அது அப்படியே இருந்தது. வந்து இந்த மேட்டுல நிப்பேன்னும் தெரியும் என்றாள். அப்புறம் ஒன்றுமில்லை. மின்விசிறி மட்டும். ஏன் நிறுத்திவிட்டாள், தாளில் அடுத்த வரியைத் தேடுகிறாளா, அவள் தேடுகிறவள் இல்லையே, கடிதத்தை அவர் படித்திருக்கிறார், அங்கே நிறுத்தம் கிடையாது, ஒரே மூச்சில் போக வேண்டிய வரிகள். உன்கிட்ட சொல்லாமப் போறது தப்புதான் என்றாள். மறுபடி மின்விசிறி. ஒன்று, இரண்டு, மூன்று, அரை. மூன்றரை எண்ணிக்கை. அவர் உடம்பு அதை அறிவுக்கு முன்னால் புரிந்துகொண்டது. அது அவருடைய நீளம். அவர் மூச்சிழுத்து ஒரு நடுத்தர வாக்கியத்தைச் சொல்லி முடித்து வாயை மூடுகிற நேரம். மைக்குக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில் நின்று, அவள் இடம் விட்டுக் காத்திருக்கிறாள். சொல்லிட்டுப் போற அளவுக்கு எனக்குத் தைரியம் இருந்ததில்ல என்றாள், மறுபடி இடம் விட்டாள். வெயில் கண்ணுக்குள் நேராக அடித்தது. அவர் கண்ணைச் சுருக்கவில்லை, முகத்தைப் பற்றிய நினைப்பே இல்லை, எதிரே திரை இல்லை, உதட்டுக்குப் பொருத்த வேண்டிய வேறு உதடு எங்கேயும் இல்லை, தாள் இல்லை. அவள் விட்ட இடம்தான் இருந்தது. அது காலியாகப் போய்க்கொண்டிருந்தது, ஒன்று, இரண்டு, இப்படி விட்டுவிட்டால் இதுவும் அன்றைக்குச் சரி என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அவர் பதில் சொன்னார். சத்தம் வரவில்லை, வர வேண்டியதும் இல்லை. நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா நின்னிருப்பேன் என்றாள் அவள். அவர் அதற்கும் சொன்னார். நீ கேக்கல, நான் நிக்கல என்றாள். அதற்கப்புறம் விட்ட இடம் மற்றவற்றைவிட நீளமாக இருந்தது, ஒரு முழுப் பத்தி பேசலாம். அதன் நடுவில் எப்போதோ தொப்பி கைக்கு வந்திருந்தது. தலையில் வியர்வை மேல் காற்றுப் பட்டுச் சில்லென்றது.

கட் என்று யாரும் சொல்லவில்லை. பனைமரத் தலைகளுக்குப் பின்னால் சூரியன் பாதி போயிருந்தது. செல்வின் கேமராவை விட்டு நிமிர்ந்து, மானிட்டரைப் பார்க்காமல் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரிஸ்வானா மறுபடி மேடேறி வந்தாள், வரும்போது பாதியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள்.

"வந்துருச்சு சார்" என்றாள். அவர் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிக்கொண்டே, "ஆனா உதடு அசைஞ்சுது. நாலஞ்சு எடத்துல" என்றாள்.

"அசைஞ்சிருக்கும்."

"என்ன சொன்னீங்க? பின்னால டப் பண்ணிக்கலாமா?"

"வேணாம்மா. அது படத்துக்கு இல்ல."

அவள் கையை நீட்டினாள். தொப்பியை வாங்கி அதன் விளிம்பிலிருந்த மணலைத் தட்டினாள். "அந்த வாய்ஸ்ல ஒரு சின்னக் கொழப்பம் சார். மொதத் தடவ மேடம் கடகடன்னு ஒரே மூச்சுல படிச்சுட்டாங்க, சூப்பரா இருந்துச்சு. கெளம்புறப்ப, 'இத யாருகிட்டம்மா சொல்றேன், யார் நடிக்கிறாங்க'ன்னு கேட்டாங்க. ஒங்க பேரச் சொன்னேன். தாள மறுபடி கைல எடுத்தாங்க. அப்புறம், 'அப்ப இன்னொரு தடவ எடுத்துக்கலாம்'னாங்க. கைல கெடந்த ஒத்த வளையலயும் கழத்தி வச்சுட்டுத்தான் படிச்சாங்க. ஆனா ரெண்டாவது தடவ வரிக்கு வரி இப்படிக் கேப் விட்டுட்டாங்க. எடிட்டுல வெட்டணும்."

"வெட்டாத."

"ரொம்ப நீளமா இருக்கே சார்."

"இருக்கட்டும். அது அளந்து விட்டது."

ரிஸ்வானா அவர் முகத்தையே பார்த்தாள். என்ன தெரிந்ததோ, சரி என்று தலையாட்டினாள். கீழே குதிரைக்காரக் கொம்பையா ராணியை மரத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். தணிகாசலத்துக்கு மறுநாள் மாலை சென்னைக்கு ரயில்.

"அவங்க நாகர்கோவில்ல எங்க இருக்காங்க?"

"வடசேரி. மக வீட்டுல. நம்பர் இருக்கு, தரட்டுமா சார்? பேசுறீங்களா?"

"குரல்ல நிறையப் பேசியாச்சும்மா" என்றார். "பஸ் இருக்கா இங்கேருந்து?"

"திருச்செந்தூர்லேர்ந்து காலைல எட்டரைக்கு ஒண்ணு இருக்கு. பதினோரு மணிக்குப் போயிரலாம்."

அவர் மீசையைப் பிய்த்து அவள் கையில் கொடுத்துவிட்டுச் சரிவில் இறங்கினார். மணல் ஒவ்வோர் அடிக்கும் அவரை இன்னொரு அடி கூடுதலாக இறக்கிவிட்டது. நாளைக்கு அவள் கதவைத் திறந்ததும் என்ன சொல்வது. நான் வந்துட்டேன். சே, அது ஷெரீப். இத்தனை வருஷமா உன்னைத்தான். அது ரயில்வே ஸ்டேஷனில் சுடப்பட்டுச் சாகிறவன். நீ நெனச்சிருக்க மாட்டே. அதுவும் யாரோ ஒருவன். எந்த வரியை எடுத்தாலும் அதற்கு ஏற்கெனவே ஒரு தொப்பி இருந்தது, ஒரு குதிரை இருந்தது, அவள் அதற்குப் பதில்கூட எப்போதோ சொல்லி முடித்திருந்தாள். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். மேடு முடிந்து தரை கெட்டிப்படும் இடத்தில், சாப்பிட்டாச்சா என்ற ஒன்று மட்டும் மிஞ்சியது. அதை அவர் எந்தப் படத்திலும் பேசியதில்லை. பாலைவனத்தில் குதிரையோடு வருகிற எவனும் யாரிடமும் அதைக் கேட்பதில்லை. பதினோரு மணிக்குப் போய்ச் சாப்பிட்டாச்சா என்றால், டிபனைக் கேட்கிறீர்களா சாப்பாட்டைக் கேட்கிறீர்களா என்று அவள் கேட்பாள். கேட்கட்டும்.